அடித்துவிட்ட வரி

1931ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி வெளிவந்த ‘நேச்சர்’ இதழில், ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத சிறு கடிதம் ஒன்று இருந்தது. எழுதியவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். பிரபஞ்சம் முழுவதும் ஒற்றைக் குவாண்டமாகத் தொடங்கியிருக்கலாம், அது உடைந்து பெருகிய பிறகுதான் இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் வந்திருக்கும் என்று அதில் எழுதியிருந்தார். பின்னாளில் பெருவெடிப்பு என்று உலகமே பேசப்போகும் கருத்துக்கு அதுதான் முதல் வித்து.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. அதன் கடைசியில், அச்சில் வராத ஒரு வரி உண்டு. எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒரு பரம்பொருளை நம்புகிறவர், அந்தக் கடவுள் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்பதையும் நம்புவார். இன்றைய இயற்பியல் படைப்பின் மீது ஒரு திரையைப் போட்டு மறைப்பதைக் கண்டு அவர் மகிழவும் கூடும் என்ற கருத்தில் அமைந்த வரி. அச்சுக்கு அனுப்புமுன் லெமைத்ர் அதை அடித்துவிட்டார்.

லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1923இல் குருப்பட்டம் பெற்றவர், கடைசிவரை அங்கியைக் கழற்றாதவர். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு பாதிரியாருக்கு, ‘ஆகவே கடவுள் உண்டு’ என்று எழுதுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் எழுதவில்லை. எழுத நினைத்திருந்த மென்மையான ஒரு வரியையும் எடுத்துவிட்டார். ஏன் என்று விளங்கிக்கொள்ள, மனிதர்கள் கடவுளுக்காகச் சொன்ன காரணங்களிலேயே மிகப் பழையதும் வலியதுமான ஒன்றை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

*

வாதம் எளிமையானது. உலகில் எதுவும் தானாக வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு இன்னொரு காரணம், அதற்கும் ஒன்று. இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில், தனக்குக் காரணம் தேவைப்படாத முதற்காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். அதுவே கடவுள். மேலைத் தத்துவத்தில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இந்தச் சிந்தனை இருக்கிறது. இதைப் பிரபஞ்சக் காரண வாதம் என்று அழைக்கலாம்.

பள்ளிகளில் விண்ணியல் பற்றிப் பேசப் போனால் கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அப்படின்னா கடவுளை யார் படைச்சது, சார்?” நல்ல கேள்வி. ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று சொல்லிவிட்டுக் கடவுளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால், அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஆனால் இந்த வாதத்தை ஆழமாகச் சிந்தித்தவர்கள் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் முதல் வரியைக் கவனமாக எழுதினார்கள். அதை எழுதிய விதத்தில்தான் வாதம் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. இந்தப் பிரிவு தெரியாததால் எத்தனையோ மேடைகளில், எத்தனையோ புத்தகங்களில், இன்றுவரை வீண் சண்டை நடக்கிறது.

முதல் கிளை சொல்வது: *தொடங்கியவை* அனைத்துக்கும் காரணம் உண்டு. உலகம் தொடங்கியது. ஆகவே உலகத்துக்குக் காரணம் உண்டு. கடவுள் தொடங்கவில்லை, எனவே பிள்ளையின் கேள்வி அவரைத் தொடாது. இஸ்லாமிய இறையியலில் ‘கலாம்’ எனப்பட்ட மரபு இதை வளர்த்தெடுத்தது. பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்து, பாக்தாதின் நிசாமியா கல்விக்கூடத்தில் கற்பித்த அல் கஸாலி இதன் பெரும் வழக்கறிஞர்.

உலகம் தொடங்கியது என்பதை கஸாலி எப்படி நிறுவினார்? தொலைநோக்கி கிடையாது, வானியல் தரவும் அந்த அளவுக்குக் கிடையாது. அவர் கையில் எடுத்தது முடிவிலியை. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை, ஆகவே வியாழன் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டு. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை, ஆகவே சனி ஒரு சுற்று முடிக்க முப்பது ஆண்டு. சூரியன் ஒரே ஆண்டில் சுற்றிவிடுகிறது. உலகம் தொடக்கமே இல்லாமல் என்றென்றும் இருந்துவந்திருந்தால் சனி எத்தனை சுற்று முடித்திருக்கும்? எண்ணற்ற சுற்று. சூரியன்? அதுவும் எண்ணற்ற சுற்று. ஆனால் சூரியன் சனியைவிட முப்பது மடங்கு அல்லவா சுற்றியிருக்க வேண்டும்? ஒன்றைவிட முப்பது மடங்கு பெரிதான ஒன்று அதற்குச் சமமாக இருப்பது எப்படி? அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா? பதில் சொல்ல முடியாத இந்த நிலையே, கடந்த காலம் முடிவற்றதாக இருக்க முடியாது என்பதற்குச் சான்று என்றார் கஸாலி.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இதற்குச் சரியான மறுமொழி கிடைக்கவில்லை. 1870களில் ஜெர்மானியக் கணிதவியலாளர் கியோர்க் கேன்டர் முடிவிலியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தபோதுதான் தெளிவு பிறந்தது. 1, 2, 3 என்று போகும் எண்களையும் 30, 60, 90 என்று போகும் எண்களையும் ஒன்றுக்கு ஒன்றாகச் சோடி சேர்த்துக்கொண்டே போகலாம், எதுவும் மிஞ்சாது. முடிவற்ற தொகுப்பில், பகுதி முழுமைக்குச் சமமாக இருப்பது முரண்பாடு இல்லை. அதுதான் முடிவிலியின் இலக்கணம். கஸாலி காட்டிய விந்தை உண்மையான விந்தை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு மட்டும் கட்டாயமானதல்ல. கடந்த காலம் முடிவற்றதாக இருப்பதில் தருக்கப் பிழை ஏதும் இல்லை. அது உண்மையில் முடிவற்றதா என்பது வேறு கேள்வி, அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

*

இரண்டாவது கிளையைப் புரிந்துகொள்ள உறைமோரையும் கோயில் விளக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நம் வீட்டில் இருக்கும் தயிர், நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றியது. நேற்றையது முந்தாநாளையதிலிருந்து வந்தது. பின்னோக்கிப் போனால் பாட்டி வீடு, கொள்ளுப்பாட்டி வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தச் சங்கிலியில் ஒன்றைக் கவனியுங்கள். நேற்றைய தயிரைக் காலி செய்துவிட்டாலும் இன்றைய தயிர் இருக்கும். பிறக்க வைத்தது போய்விட்ட பின்னும் பிறந்தது நிற்கிறது. இத்தகைய சங்கிலி பின்னோக்கி முடிவில்லாமல் நீண்டால் தருக்கத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

கருவறை முன் சங்கிலியில் தொங்கும் விளக்கு அப்படியில்லை. விளக்கைக் கடைசி வளையம் தாங்குகிறது, அந்த வளையத்தை அதற்கு மேலுள்ளது தாங்குகிறது. எல்லாமே இந்தக் கணத்தில், ஒரே நேரத்தில் தாங்குகின்றன. ஒரு வளையம் விட்டுப்போனால் விளக்கு விழுந்துவிடும். ஒவ்வொரு வளையமும் தன் மேலிருப்பதிடமிருந்து தாங்கும் வலுவைக் கடன் வாங்கித்தான் கீழே கொடுக்கிறது. எத்தனை வளையம் சேர்த்தாலும், முடிவில்லாமல் சேர்த்தாலும், உத்தரத்தில் ஒரு கொக்கி இல்லாமல் விளக்கு தொங்காது.

இந்த வேறுபாட்டை ஐரோப்பாவில் துல்லியமாகச் சொன்னவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். அவர் காட்டிய உதாரணங்கள் வேறு: கையால் தள்ளப்படும் கோல் கல்லைத் தள்ளுவதும், சுத்தியல் உடைய உடைய வேறு சுத்தியலை எடுத்து வேலை செய்யும் கைவினைஞனும். அவர் கடவுளுக்காகச் சொன்ன வழிகள் விளக்குச் சங்கிலி வகையைச் சேர்ந்தவை. ஆதியில் என்ன நடந்தது என்று அவை கேட்கவில்லை. இந்த நொடியில் உலகம் ‘இருந்துகொண்டிருப்பது’ எதைப் பற்றி நிற்கிறது என்று கேட்டன. பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு: உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அக்வினாஸ் வேதத்தின் பேரில் நம்பினார்; ஆனால் அதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று தனி நூலே எழுதினார். உலகம் என்றென்றும் இருந்துவந்ததாக வைத்துக்கொண்டாலும் தன் வாதம் நிற்க வேண்டும் என்பதே அவர் தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. தன் நம்பிக்கைக்குச் சாதகமான ஒரு வாதத்தைப் போதாது என்று தள்ளிவைக்கும் நேர்மை எளிதில் வருவதில்லை.

ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் இதை இன்னும் கூராக்கினார். 1697இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு வடிவியல் நூல் வருகிறது. அது என்றென்றும் இருந்துவந்தது, ஒவ்வொரு பிரதியும் முந்தைய பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓலைச்சுவடி பெயர்த்தெழுதிய மரபில் வந்த நமக்கு இது உடனே விளங்கும். இந்தச் சுவடியில் ஏன் இந்த வரிகள் இருக்கின்றன என்று கேட்டால் ‘முந்தைய சுவடியில் இருந்தது’ என்று சொல்லலாம். ஆனால் இப்படியொரு நூல் ஏன் இருக்கிறது, ஏன் இதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு, எத்தனை பிரதி பின்னால் போனாலும் பதில் வராது. எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? 1714இல் அவர் இந்தக் கேள்வியைத்தான் எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வைத்தார்.

இந்த இடத்தில் தமிழ் மண்ணையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அக்வினாஸ் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் இதே வாதத்தோடுதான் தொடங்குகிறது. பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட அந்நூலின் முதல் நூற்பா, அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; அதனால் அதை நடத்துபவன் ஒருவன் உண்டு, அது எவனிடம் ஒடுங்கியதோ அவனிடமிருந்தே மீளத் தோன்றும் என்ற பொருள் கொண்டது. சைவ சித்தாந்த வகுப்புகளில் இதைக் குயவனைக் காட்டி விளக்குவார்கள்: மண் முதற்காரணம் (இங்கே மூலப்பொருள் என்ற பொருளில்), தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இறைவன் இங்கே நிமித்த காரணன். மாயை என்னும் மண் அவனால் உண்டாக்கப்பட்டதன்று.

கலாம் வாதத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு பெரிய வேறுபாடு தெரியும். அங்கே தொடக்கமில்லாதது ஒன்றே ஒன்று. சைவ சித்தாந்தத்திலோ பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி. தொடக்கமின்மை மட்டுமே எதையும் கடவுளாக்கிவிடாது என்று நம் சிந்தனையாளர்கள் தெளிவாகவே வைத்திருந்தார்கள். உலகம் ஒருமுறை தொடங்கியது என்பதும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை; தோன்றி ஒடுங்குவது மீண்டும் மீண்டும் நிகழலாம். வடக்கே நியாய மரபினரான உதயணர் 10ஆம் நூற்றாண்டில் இதே குயவன் வழியில் இறைவனை நிறுவ முயன்றார். அதற்கடுத்த நூற்றாண்டில் பௌத்தரான ரத்னகீர்த்தி, பானைக்குக் குயவனைக் கண்டிருக்கிறோம், எல்லாப் பொருளுக்கும் ஒருவன் இருப்பதை எங்கே கண்டோம் என்ற திசையில் அதைக் கடுமையாக மறுத்தார். சண்டை நம் நாட்டிலும் சளைத்ததாக இல்லை.

*

இப்போது லெமைத்ரிடம் திரும்புவோம்.

1894இல் சார்லெரோவா நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தார். குருப்பட்டம் பெற்ற கையோடு கேம்பிரிட்ஜில் வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் படித்தார், பிறகு அமெரிக்கா போனார். 1927இல், பிரெஞ்சு மொழியில், பெல்ஜியத்துக்கு வெளியே அதிகம் பேர் படிக்காத ஓர் ஆய்விதழில் அவர் கட்டுரை வந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளின்படி பிரபஞ்சம் விரிய முடியும். விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகுவதாகத் தொலைநோக்கிகள் காட்டுவது அந்த விரிவைத்தான் என்று அவர் இரண்டையும் இணைத்தார். விரியும் வேகத்துக்கு ஒரு மதிப்பும் கண்டார். இதே விலகலைப் பற்றி வானியலாளர் எட்வின் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே இது நடந்தது. அதே 1927இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே இயற்பியல் மாநாட்டில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். கணக்குச் சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்பதே ஐன்ஸ்டைனின் பதிலாக இருந்தது.

1931இல் எடிங்டன் ஓர் உரையில், இயற்கைக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்ற எண்ணமே தனக்கு ஒவ்வாதது என்றார். எடிங்டனும் ஆழ்ந்த கிறித்தவர்தான், குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். அவருக்கு மாணவர் எழுதிய பதிலே அந்த ‘நேச்சர்’ கடிதம். கடவுளை நம்பிய ஆசிரியருக்குத் தொடக்கம் பிடிக்கவில்லை. கடவுளை நம்பிய மாணவர் தொடக்கத்தை முன்வைத்தார். தொடக்கம் என்றாலே ஆத்திகர் பக்கம், தொடக்கமின்மை என்றாலே நாத்திகர் பக்கம் என்று இன்று நாம் போடும் கோடு அன்றே செல்லாத கோடுதான்.

ஆனாலும் அந்தக் கோட்டைப் போட்டார்கள். 1948இல் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்டு ஆகியோர், பிரபஞ்சம் விரிந்தாலும் புதுப்பொருள் இடையறாது தோன்றி அதைத் தொடக்கமின்றி என்றும் ஒரே நிலையில் வைத்திருக்கிறது என்ற நிலைத்த பிரபஞ்சக் கொள்கையை வெளியிட்டார்கள். ‘பெருவெடிப்பு’ என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலியில் முதன்முதலில் சொன்னவரும், பெருவெடிப்பை ஏற்காத இதே ஹாயில்தான்.

எதிர்முனையிலிருந்து குரல் எழுந்தது 1951 நவம்பர் 22 அன்று. போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வாடிகனின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், ஆதியில் ஒளி உண்டாகட்டும் என்று எழுந்த சொல்லுக்கு இன்றைய அறிவியல் சாட்சியாக நிற்கிறது, படைப்பு நிகழ்ந்தது, ஆகவே படைத்தவர் உண்டு, ஆகவே கடவுள் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அறிவியலில் உண்மையான ஆர்வம் கொண்ட மனிதர் அவர், தவறான எண்ணத்தில் பேசியவரல்ல. ஆனால் அந்தக் கழகத்தின் உறுப்பினரான லெமைத்ர் கலங்கிப்போனார். வாடிகன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த டேனியல் ஓகானல் என்ற இயேசு சபைக் குருவோடு சேர்ந்து, இப்படிச் சான்று காட்டுவதில் உள்ள ஆபத்தைப் போப்பாண்டவருக்கு உணர்த்த முயன்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாடு ரோமில் கூடியபோது போப்பாண்டவர் அவர்களிடையே பேசினார். அந்த உரையில் படைப்புக்கான சான்றாகப் பிரபஞ்சத்தின் தொடக்கம் முன்வைக்கப்படவில்லை.

லெமைத்ரின் கலக்கம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு அதே மாநாட்டிலேயே விடை கிடைத்தது. ஹபிளின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. பூமியின் பழைய பாறைகளோ அதைவிட வயதானவை என்று கதிரியக்க அளவீடுகள் காட்டிவந்தன. தாயைவிட மகளுக்கு வயது கூடுதல்! 1952இல் ரோமில் கூடிய அந்த மாநாட்டில்தான், தூரத்தை அளக்கப் பயன்படுத்திய விண்மீன்களில் இரண்டு வகையைக் குழப்பிக்கொண்டிருந்தோம், விண்மீன் மண்டலங்களின் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று வால்டர் பாடே அறிவித்தார். ஒரே நாளில் பிரபஞ்சத்தின் வயது இரட்டித்தது. அதற்குப் பிறகும் அது கூடிக்கூடி, இன்று 1,380 கோடி ஆண்டு என்ற இடத்தில் நிற்கிறது. அறிவியலுக்கு இது பெருமை, தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதுதான் அதன் வேலை. ஆனால் ஒருவர் தன் கடவுளை அந்த எண்ணின் மேல் உட்காரவைத்திருந்தால், எண் அசையும்போதெல்லாம் கடவுளும் அல்லவா அசைவார்?

லெமைத்ர் தன் நிலையை 1958ஆம் ஆண்டு சால்வே மாநாட்டில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது. கடவுள் இல்லை என்பவர் அதை ஏற்றுக்கொண்டே தன் மறுப்பில் நிற்கலாம். நம்புகிறவருக்கோ, கடவுளோடு மிகையாக நெருங்கிப் பழகும் முயற்சிகளை அது விலக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அக்வினாஸைப் படித்து வளர்ந்த குரு அவர். இயற்பியல் சொல்லும் ‘தொடக்கம்’ தயிர்ச் சங்கிலியின் முதல் கரண்டி; சமயம் சொல்லும் ‘படைப்பு’ விளக்கு தொங்கும் கொக்கி. முதல் கரண்டியைக் கண்டுபிடித்ததால் கொக்கி கண்டுபிடிக்கப்பட்டதாகாது. அந்த வரியை அவர் ஏன் அடித்தார் என்பதற்கு நான் கண்ட விளக்கம் இதுதான்.

*

அதே பிழையை மறுபக்கமும் செய்தது. 1970இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் ரோஜர் பென்ரோஸும், பொதுச் சார்பியல் சரியென்றால் விரியும் பிரபஞ்சம் பின்னோக்கி ஓர் ஒருமைப்புள்ளியில் முடிய வேண்டும் என்று நிறுவினார்கள். ஆனால் அங்கே சார்பியலே செயலிழந்துவிடும், குவாண்டம் இயற்பியல் வேண்டும் என்பது தெரிந்து, 1983இல் ஹாக்கிங்கும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் வேறொரு மாதிரியை முன்வைத்தார்கள். அதில் காலம் விளிம்பு இல்லாமல் வளைந்துவிடுகிறது. தென்துருவத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்பது எப்படியோ அப்படித்தான் ‘அதற்கு முன்’ என்று கேட்பதும். 1988இல் வந்த தம் புகழ்பெற்ற நூலில், இப்படி விளிம்பில்லாத பிரபஞ்சத்தில் படைத்தவருக்கு என்ன வேலை என்று ஹாக்கிங் கேட்டார். கஸாலிக்கு இது சரியான அடி. அக்வினாஸுக்கும் லைப்னிட்ஸுக்கும் மெய்கண்டாருக்கும் இது எந்தப் பாதிப்பும் இல்லை, அவர்கள் விளிம்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஹாக்கிங்கும் அதை அறிந்தவர்தான். ஏனென்றால் அதே நூலின் இறுதியில், சமன்பாடுகளுக்குள் நெருப்பை ஊதி, அவை விவரிக்க ஒரு பிரபஞ்சத்தை உண்டாக்குவது எது என்று அவரே கேட்கிறார். அது லைப்னிட்ஸின் கேள்வி.

2003இல் போர்டே, கூத், விலென்கின் மூவரும் நிறுவிய தேற்றத்தை இன்று கலாம் வாதிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். சராசரியாக விரிந்துகொண்டே வந்த ஒரு பிரபஞ்சத்தை முடிவில்லாத கடந்த காலத்துக்கு நீட்ட முடியாது என்கிறது அது. நல்ல தேற்றம். விரிவுக்கு முன் சுருக்கம் இருந்திருந்தால் அதன் நிபந்தனை பொருந்தாது. பிரபஞ்சம் காலச்சுழற்சிகளாகத் தொடர்கிறது என்ற மாதிரியைப் பென்ரோஸ் முன்வைத்திருக்கிறார். கேள்வி திறந்தே கிடக்கிறது.

‘தொடங்குவதற்கெல்லாம் காரணம் உண்டு’ என்ற வரியையும் குவாண்டம் இயற்பியல் அசைத்துப் பார்த்துவிட்டது. ஒரு கார்பன்-14 அணு எப்போது சிதையும்? 5,730 ஆண்டில் பாதி அணுக்கள் சிதையும் என்று சொல்லலாம். குறிப்பிட்ட இந்த அணு ஏன் இந்த நொடியில் சிதைந்தது என்பதற்கு வழக்கமான குவாண்டம் கொள்கை எந்தக் காரணத்தையும் தருவதில்லை. இதை வைத்து, பிரபஞ்சமும் ஒன்றுமில்லாததிலிருந்து தானே வந்திருக்கலாம் என்று இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ் 2012இல் ஒரு நூல் எழுதினார். நான் அதை ஏற்கவில்லை. அவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது குவாண்டம் புலங்களும் விதிகளும் நிறைந்த ஒன்று. வெறும் பாத்திரம் என்று சொல்லிவிட்டு அடியில் உறைமோர் வைத்திருப்பது போன்றது அது.

ஆத்திகத் தரப்பின் கடன்களையும் சொல்லத்தான் வேண்டும். இயக்கத்துக்கு இயக்குபவர் வேண்டும் என்ற அக்வினாஸின் முதல் வழி, கலிலியோ, நியூட்டனுக்குப் பிறகு பழைய வடிவில் நிற்காது. ஓடும் பொருள் தள்ளுவாரின்றி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நாம் அறிவோம். அதுபோல் இருக்கும் பொருள் தாங்குவாரின்றி இருந்துகொண்டே இருந்தால் என்ன? உலகம் விளக்குதான், தயிர் அல்ல என்று யார் காட்டினார்கள்? 1948இல் கோப்பிள்ஸ்டன் என்ற குருவோடு பிபிசியில் வாதிட்ட தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல், ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதற்காக மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டா என்று கேட்டார். ஒவ்வொரு பொருளும் சார்ந்து நிற்பதால் அவற்றின் மொத்தமும் எதையாவது சார்ந்தே நிற்க வேண்டும் என்று நிறுவியாக வேண்டும். சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. நிறுவினாலும், அந்தக் கொக்கி நம் வேண்டுதலைக் கேட்பவரா, வெறும் விதியா என்பது அடுத்த மலை. அக்வினாஸே அதற்காகப் பல நூறு பக்கங்கள் எழுத வேண்டியிருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் கிளை பலவீனமானது, அதை அறிவியல் இன்னும் பலவீனமாக்கக்கூடும். இரண்டாவது கிளை அறிவியலின் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது. அது அதன் வலிமை, அதுவே அதன் வரம்பும். எந்தத் தொலைநோக்கியும் அதை நிறுவாது, எந்தத் தொலைநோக்கியும் அதை உடைக்காது.

1965இல் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் தங்கள் ஆண்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சல், பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து வரும் கதிர்வீச்சு என்று தெரியவந்தது. லெமைத்ர் அப்போது நோயுற்றிருந்தார். உதவியாளராக இருந்த ஓடோன் கோடார் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னார். 1966 ஜூன் 20ஆம் தேதி லெமைத்ர் இறந்தார். அந்தக் கதிர்வீச்சை அவர் கடவுளுக்குச் சான்றாக எங்கும் எழுதவில்லை.

இனி யாராவது உங்களிடம் பெருவெடிப்பு கடவுளை நிறுவிவிட்டது என்றோ, கடவுளை வேலையிலிருந்து நீக்கிவிட்டது என்றோ சொன்னால், அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: நாளைக்கே பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இல்லை என்று கண்டுபிடித்தால், உங்கள் வாதம் என்ன ஆகும்?